குதிகால் எலும்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்குமா? இல்லையென்றால் சிகிச்சையில் அதனால் என்ன வித்தியாசம்?

ஒரே மாதிரி இருக்காது. நான் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் நடத்துகிறேன். மேசைமேல் ஏழெட்டு குதிகால் எலும்புகளைப் பரப்பிவைத்து, "புத்தகப் படத்தில் இருப்பதுபோல ஒன்றை எடுங்கள்" என்பேன். எதை எடுப்பதென்று தெரியாமல் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள்.

எலும்பின் மேல்பக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. கணுக்காலில் இதற்கு நேர் மேலே இருக்கும் தாலஸ் எலும்பு வந்து உட்காரும் இடம் அது. அதற்காக மூன்று வழவழப்பான பரப்புகள் உண்டு. பின்னால் இருப்பது பெரியது. நடுவில் இருப்பது, உட்பக்கம் திண்ணைபோல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின்மேல் அமைந்தது. முன்னால் சின்னதாக ஒன்று. சில எலும்புகளில் விரலை ஓட்டினால் முன்பரப்புக்கும் நடுப்பரப்புக்கும் இடையில் சொரசொரப்பாக ஓர் இடைவெளி தட்டும். சிலவற்றில் இரண்டும் ஒட்டி ஒரே நீளப் பரப்பாகி, விரல் தடங்கலின்றி வழுக்கிக்கொண்டு போகும். முன்பரப்பே இல்லாத எலும்புகளும் உண்டு. ஐரோப்பியர்களைவிட ஆப்பிரிக்கர்களிடமும் இந்தியர்களிடமும் ஒட்டிய வகை அதிகம் என்பது 1960களிலேயே பதிவாகிவிட்டது.

சரி, அந்தச் சின்ன இடைவெளி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? தட்டைப் பாதத்தைச் சரிசெய்ய எவான்ஸ் முறை என்றோர் அறுவை சிகிச்சை இருக்கிறது. குதிகால் எலும்பின் முன்பகுதியை வெட்டி, நடுவில் ஓர் எலும்புத் துண்டைச் செருகி, பாதத்தின் வெளிப்பக்கத்தை நீளமாக்குவார்கள். இடைவெளி இருந்தால் வெட்டு அதன் வழியாகப் போய்விடும். ஒட்டிய வகையில் அப்படி ஒதுங்க இடமில்லை, மூட்டுப் பரப்பிலேயே வெட்டு விழக்கூடும். அதனால் முன்கூட்டியே சிடி ஸ்கேனில் எந்த வகை என்று பார்த்துக்கொள்வது நல்லது என்பேன்.

வெளிப்பக்கத்தில் ஒரு சின்ன மேடு இருக்கும். அதன் மேலும் கீழுமாக, காலின் வெளிப்பக்கத் தசைகளான பெரோனியஸ் தசைகளின் இரண்டு தசைநாண்கள் ஓடுகின்றன. சிலருக்கு இந்த மேடு கண்ணுக்கே தெரியாது. சிலருக்குப் பெரிதாக இருந்து, செருப்பிலோ தசைநாணிலோ உரசி வலிக்கும். பின்பக்க மேல்மூலை துருத்திக்கொண்டிருந்தால் அதற்கு ஹாக்லண்ட் மேடு என்று பெயர். 1928இல் அதை விவரித்த ஸ்வீடன் மருத்துவர் பாட்ரிக் ஹாக்லண்டின் பெயர் அது. ஷூவின் பின்விளிம்பு உரசும் இடத்தில் வலிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அடுத்தது குதிமுள், அதாவது குதிகாலின் அடியில் முள்போல நீண்டு வளரும் எலும்பு. எக்ஸ்ரேயில் முள் தெரிந்ததும் "இதுதான் குத்துகிறது" என்று பலர் பயந்துவிடுகிறார்கள். உண்மையில், முள் இருந்தும் வலியே இல்லாமல் நடப்பவர்கள் ஏராளம். முள்ளே இல்லாமல் காலையில் முதல் அடி வைக்க முடியாமல் தவிப்பவர்களும் உண்டு. வலி பெரும்பாலும் உள்ளங்கால் திசுப்பட்டை எலும்பில் பிடிக்கும் இடத்திலிருந்து வருகிறது. முள்ளை மட்டும் பார்த்து அறுவை சிகிச்சைக்கு அவசரப்பட வேண்டாம் என்று இதற்காகத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

குழந்தைகளின் எக்ஸ்ரேயும் இப்படித்தான் ஏமாற்றும். வளரும் வயதில் குதிகாலின் பின்னால் தனியாக ஓர் எலும்புத் தட்டு உருவாகும். அது துண்டு துண்டாக, அடர்ந்த வெள்ளையாகத் தெரிவது இயல்பு. முறிவு என்று பதற வேண்டியதில்லை.

உண்மையான முறிவில், எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பின் மேல்விளிம்பை வைத்து அளக்கும் போலர் கோணத்தைப் பார்ப்பார்கள். வழக்கமாக அது 20 முதல் 40 டிகிரி. உயரத்திலிருந்து விழுந்து எலும்பு நசுங்கினால் குறையும். ஆனால் இந்த வீச்சைக் கவனியுங்கள்: ஒருவருக்கு 24 என்பது இயல்பான அளவாக இருக்கலாம். 38 இருந்த இன்னொருவருக்கு அதே 24 வந்தால் எலும்பு நசுங்கியிருக்கிறது என்று பொருள். அடிபடாத காலையும் ஒரு எக்ஸ்ரே எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும்.