நல்லாப் பேசத் தெரிந்தால் போதுமா, பி.ஆர். வேலைக்கு?

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) கடைசி வருடம் படிக்கும் மகள் பி.ஆர்., அதாவது மக்கள் தொடர்பு வேலைக்குப் போகிறேன் என்கிறாள், "நல்லாப் பேசுவா, அது போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. முதல் ஒன்றிரண்டு வருடம் பேசுவதற்கென்று அவளை யாரும் அனுப்பப்போவதில்லை. எழுதச் சொல்வார்கள், நிருபர்கள் பட்டியல் போடச் சொல்வார்கள், "மெயில் வந்துச்சா சார்?" என்று போன் செய்யச் சொல்வார்கள்.

எழுத்தில் முதலில் வருவது, செய்தியாகப் போடச் சொல்லி நாளிதழ்களுக்கு அனுப்பும் பத்திரிகைக் குறிப்பு. ஒரே பக்கம், 250 முதல் 300 சொல். கல்லூரியில் ரத்ததான முகாம் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் இப்படி ஆரம்பிப்பார்கள்: "எமது கல்லூரியின் வெள்ளி விழாவை முன்னிட்டு மாபெரும் ரத்ததான முகாம் வெகு விமரிசையாக நடைபெற்றது. முதல்வர் தலைமை தாங்கினார்..." நன்றியுரை சொன்னவர் பெயர்வரை வந்துவிடும், எத்தனை பேர் ரத்தம் கொடுத்தார்கள் என்பது மட்டும் இருக்காது. நாளிதழ் அலுவலகத்தில் செய்தியைத் திருத்தும் டெஸ்கில் இருப்பவர் தேடுவது அதைத்தான். "மதுரையில் வெள்ளிக்கிழமை நடந்த முகாமில் கல்லூரி மாணவர்கள் 112 பேர் ரத்ததானம் செய்தனர், இவர்களில் 70 பேருக்கு இது முதல் முறை" என்று தொடங்கினால், இடமில்லாத நாளில் கீழ்ப்பத்திகளை வெட்டினாலும் செய்தி நிற்கும். 'மாபெரும்', 'வெகு விமரிசை' எல்லாம் எப்படியும் அடிபடும்.

நல்ல குறிப்புகூட அச்சேறாமல் போவதற்குக் காரணம் பல நேரம் அற்பமாக இருக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால் எதிர்ப்பக்கம் கிறுக்கலாகத் திறக்கும். யூனிகோடில் அடிக்க வேண்டும். பி.டி.எஃப். மட்டும் அனுப்பினால் அதிலிருந்து நகலெடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். அதனால் மெயிலிலேயே வாசகத்தை ஒட்டி, வேர்டு ஃபைலையும் இணைப்பது நல்லது. படத்தை வேர்டுக்குள் செருகாமல் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாகப் போட்டால் அளவு சுருங்கும்; டாக்குமென்ட்டாகப் போட்டால் அப்படியே போகும். படக்குறிப்பில் இடமிருந்து வலமாகப் பெயர், இனிஷியல், பதவி. ஆங்கில நாளிதழுக்கும் போகிறதென்றால் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைச் சம்பந்தப்பட்டவரிடமே கேட்டு எழுத வேண்டும். தவறான இனிஷியலோடு பெயர் வந்தால் திட்டு வாங்குவது நிருபர் அல்ல, குறிப்பை அனுப்பிய பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அலுவலர்).

நேரமும் முக்கியம். காலை பத்தரைக்கு நிகழ்ச்சி என்றால் மதியம் மூன்றுக்குள் குறிப்பு போய்விட வேண்டும். மாவட்டப் பக்கங்கள் சீக்கிரம் முடிந்துவிடும், இரவு ஏழு மணிக்குப் போன் அடித்துப் "போட்டுட்டீங்களா?" என்பவரின் எண்ணை அடுத்த முறை எடுக்க மாட்டார்கள்.

கஷ்டமான பாடம், பிரச்சினை வரும் நாள். 2015 மேகி நூடுல்ஸ் விவகாரத்தை அவள் தேதிவாரியாக எழுதிப் பார்க்கட்டும். அதில் ஈயம் அதிகம் என்று மே மாதம் உத்தரப் பிரதேசத்தில் எழுந்த புகார் பரவி, டெல்லி, குஜராத், தமிழ்நாடு என மாநிலங்கள் தடை போட்டன. மேகியைத் தயாரிக்கும் நெஸ்லேயின் அப்போதைய உலகத் தலைமைச் செயல் அதிகாரி பால் புல்கே டெல்லியில் நிருபர்களைச் சந்தித்தது ஜூன் 5-ல்தான். சரக்கைத் திரும்பப் பெற உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டதும் அதே நாள்தான். ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது, நவம்பரில் மேகி மறுபடி கடைக்கு வந்தது. அந்த நாட்களில் அம்மாக்கள் கேட்டது ஒன்றே ஒன்று: பிள்ளைக்குக் கொடுக்கலாமா, கூடாதா? ஆய்வக அளவுகளை அடுக்கும் அறிக்கை அதற்குப் பதில் ஆகாது. முதல் ஒரு மணி நேரத்தில் நான்கு வரி போதும்: உறுதியாகத் தெரிந்தது என்ன, இப்போது என்ன செய்கிறோம், வாங்கியவர்கள் என்ன செய்ய வேண்டும், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. "கருத்து சொல்ல விரும்பவில்லை" என்றால் அதையே தலைப்பாக்கிவிடுவார்கள்.

இந்த செமஸ்டரிலேயே கல்லூரி நிகழ்ச்சிகளுக்கு ஐந்து குறிப்பு எழுதி அனுப்பட்டும். அனுப்பியதையும் அச்சில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, எந்த வரி போயிற்று, ஏன் போயிற்று என்று ஓரத்தில் குறித்துவைத்தால், இன்டர்வியூவில் சான்றிதழைவிட அந்த ஐந்து தாள் அதிகம் பேசும். கூடவே நிருபர் பெயர், எழுதும் துறை, எந்தப் பதிப்பு, எப்போது அழைக்கலாம் என்று ஒரு எக்செல் ஷீட். நிருபர்கள் பத்திரிகை மாறிக்கொண்டே இருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்தாவிட்டால் அது குப்பை.

"கவர் கொடுத்தாத்தான் செய்தி வருமாமே?" என்றும் கேட்டிருந்தீர்கள். நிருபருக்குக் கவரில் பணம் வைத்துக் கொடுக்கும் அந்தப் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அவள் அதைத் தொடவே வேண்டாம். பணம் கொடுத்து இடம் வாங்குவதென்றால் அது விளம்பரப் பிரிவில், ரசீதோடு.