அகதின்னா கொடுக்கிறவங்க கையையே பாத்துட்டு நிக்கணுமா? - வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அகதிகளுக்கு உதவுறதைப் பத்தி ரெண்டே வரிதான் எழுதினேன், அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கல. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்திருக்கேன். பேர் வேண்டாம்னு பாதிப்பேர் கேட்டதால யார் பேரும் போடல.

கேள்வி: அகதி, தஞ்சம் கோருறவர் ரெண்டும் ஒண்ணுதானே? அனுமதி இல்லாம வந்தவங்களுக்கு நாம ஏன் உதவணும்?

பதில்: பாதுகாப்பு கேட்டு மனு போட்டுட்டு முடிவுக்குக் காத்திருக்கிறவர் தஞ்சம் கோருறவர், அரசு 'ஆமா'ன்னு ஒத்துக்கிட்டா அவரே அகதி. ஆள் அதே ஆள்தான், கையில இருக்கிற பேப்பர்தான் வேற. அனுமதி இல்லாம வந்தவங்கன்னு கோவமா கேட்டிருக்கீங்க, 1951 அகதிகள் ஒப்பந்தத்தோட 31வது பிரிவை ஒருதடவை படிச்சுப் பாருங்க, உயிருக்குப் பயந்து நேரா வந்து, தாமதிக்காம அதிகாரிங்ககிட்ட விஷயத்தைச் சொல்றவரை அனுமதி இல்லாம நுழைஞ்சதுக்காக தண்டிக்கக்கூடாதுன்னு அதுலயே இருக்கு. துரத்துறவன் பின்னாடி வர்றப்போ வீசா ஆபீஸ் கியூவுல நிக்க முடியுமா சார்?

கேள்வி: வீட்ல இருந்த பழைய துணி மூணு மூட்டை கட்டி எடுத்துட்டுப் போனேன். வாங்கிக்கிட்டாங்க, ஆனா முகத்துல ஒரு சந்தோஷமும் இல்ல. மனசு கஷ்டமாயிடுச்சு.

பதில்: யாருக்கு கஷ்டம், உங்களுக்கா அவங்களுக்கா? கோச்சுக்காதீங்க, நானும் இதே மாதிரி மூட்டை தூக்கிட்டுப் போனவதான். ஒரே ரூம்ல நாலு பேர் இருக்கிற இடத்துல மூணு மூட்டையை எங்க வைப்பாங்க? 'என்ன வேணும்'னு முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருந்தா போன் ரீசார்ஜ், பஸ் பாஸ், வக்கீல் ஆபீஸ் வரைக்கும் துணைக்கு ஒரு ஆள்னு சொல்லியிருப்பாங்க.

இன்னொண்ணு, கேக்க சப்புனு இருக்கும், ஆனா பெரிய உதவி. வாரம் ஒருதடவை போய் அவங்களுக்கு வந்த தபாலைப் படிச்சுச் சொல்லுங்க. புரியாத பாஷைல வந்த கவரை பிரிச்சு அப்படியே அலமாரில வச்சிருப்பாங்க, உள்ள நேர்காணல் தேதி இருக்கும், இல்லன்னா அப்பீல் பண்ண கடைசி நாள் இருக்கும், அதெல்லாம் நாள் கணக்குல ஓடுற விஷயம். வீடு மாறினதை ஆபீசுக்கு எழுதிக் கொடுக்காம விட்டு, கடிதம் பழைய விலாசத்துக்குப் போய், ஆள் வரலைன்னு கேஸையே மூடின கதை நெறைய உண்டு. படிச்சுச் சொல்றதோட நிறுத்திக்கோங்க, 'இப்படி எழுதுங்க, கேஸ் ஜெயிச்சிடும்'னு யோசனை மட்டும் சொல்லிடாதீங்க. அது வக்கீல் வேலை.

கேள்வி: எனக்குத் தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் நல்லா வரும். மொழிபெயர்க்கக் கூப்பிடுறாங்க, போலாமா?

பதில்: டாக்டர்கிட்ட, பள்ளிக்கூடத்துக்கு, பேங்குக்கு தாராளமா போங்க. தஞ்ச நேர்காணலுக்குன்னா பயிற்சி எடுத்த மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு பண்ணித்தரச் சொல்லிக் கேளுங்கன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. ஏன்னா அங்க ஒரு வார்த்தை பிசகினா அது ஃபைல்ல ஏறிடும், அடுத்த தடவை வேற மாதிரி வந்தா 'முன்னுக்குப்பின் முரண்'னு எழுதிடுவாங்க. நம்ம பாஷையையே எடுத்துக்கோங்க. பெரியப்பா பையனையும் அண்ணன்னுதான் சொல்றோம். மனுவுல 'கசின்'னு இருக்கு, நேர்காணல்ல நீங்க 'பிரதர்'னு சொல்லிட்டீங்க, அதிகாரிக்கு இப்போ ரெண்டு ஆள், ரெண்டு கதை! இனிஷியலை அப்பா பேரா விரிச்சு ஒரு ஃபார்ம்ல, குடும்பப் பேர்னு அதையே தூக்கி முன்னாடி போட்டு இன்னொரு ஃபார்ம்ல, அதோட தலைவலி தனி. அதனால சந்தேகம் வந்தா நீங்களா ஊகிக்காதீங்க, 'கூடப்பொறந்த அண்ணனா'ன்னு அவரையே கேக்கலாமான்னு எல்லாருக்கும் தெரியிற மாதிரி அனுமதி வாங்கிட்டுக் கேளுங்க. அவர் 'நான்'னு சொன்னா நீங்களும் 'நான்'னே சொல்லணும், 'அவர் என்ன சொல்றார்னா'ன்னு ஆரம்பிச்சு சுருக்கக்கூடாது.

கேட்டதை வெளிய வந்து வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லக்கூடாதுங்க. நம்ம ஆளுங்க வட்டம் சின்னது, ஒருத்தர் வாயில விழுந்தா ஊர்ல இருக்கிற அவங்க அம்மா வீட்டு வாசல் வரைக்கும் போயிடும். அதுக்குப் பயந்தே தமிழ் ஆள் மொழிபெயர்க்க வேண்டாம்னு சொல்றவங்க இருக்காங்க, அதுக்காக வருத்தப்படாதீங்க. முக்கியமா, பத்து வயசுப் புள்ளைக்கு பாஷை வந்துடுச்சுன்னு அம்மா பட்டதை அந்தப் புள்ளை வாயாலயே சொல்ல வைக்காதீங்க, அது பாவம்.

கேள்வி: வேலை வாங்கித் தர்றேன்னு சொன்னேன், வேண்டாங்கிறார். சோம்பேறித்தனமோ?

பதில்: இல்ல, அனுமதி இல்லாம இருக்கும். பல நாட்டுல மனு முடிவாகுற வரைக்கும், இல்ல குறிப்பிட்ட மாசம் கழியிற வரைக்கும் வேலை செய்யக்கூடாது. பிரிட்டன்ல ஒரு வருஷம் காத்திருந்தப்புறம்தான் அனுமதியே கேக்க முடியும், அதுவும் சில வேலைகளுக்கு மட்டும். கையில காசு தர்றேன்னு வேலைக்குக் கூப்பிட்டீங்கன்னா மாட்டிக்கப்போறது அவரோட கேஸ்.

கேள்வி: ஒரு குடும்பத்துக்கு உதவப் போய் இப்போ ராத்திரி 11 மணிக்கும் போன். முடியல.

பதில்: தனியா இழுத்தா தேர் நகராதும்மா. கனடாவுல 1979லேருந்து பொதுமக்களே அகதிக் குடும்பத்தைப் பொறுப்பெடுத்து வரவழைக்கிற முறை இருக்கு, அதுல ஒரு வகைல குறைஞ்சது அஞ்சு பேர் சேர்ந்தாதான் ஒரு குழு, வழக்கமா முதல் ஒரு வருஷத்துக்குப் பொறுப்பு. அஞ்சு பேர்னு சும்மா வைக்கல. ஒருத்தர் ஸ்கூல், ஒருத்தர் ஆஸ்பத்திரி, ஒருத்தர் வீடுன்னு பிரிச்சுக்கோங்க, ஒன்பது மணிக்கு மேல அவசரம்னா மட்டும்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிடுங்க. ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க.

கேள்வி: நான் அகதியா வந்தவ. உதவினவங்க எங்க பார்த்தாலும் 'இவங்களுக்கு நான்தான் எல்லாம் பண்ணேன்'னு நாலு பேர் முன்னாடி சொல்றாங்க, போட்டோ எடுத்துப் போடுறாங்க. எத்தனை நாளைக்குக்கா நன்றி சொல்லிட்டே இருக்கணும்?

பதில்: ஒருதடவை சொன்னீங்கல்ல, போதும். போட்ட போட்டோவை அழிக்கச் சொல்லுங்க, அது வெறும் மரியாதைப் பிரச்சனை இல்ல, நீங்க எங்க இருக்கீங்கன்னு யாருக்குத் தெரியக்கூடாதோ அவங்களுக்கும் தெரிஞ்சிடும். நேர்ல சொல்ல கூச்சமா இருந்தா இந்தப் பக்கத்தைக் கிழிச்சு அவங்க கையில கொடுத்துடுங்க, திட்டு வந்தா எனக்கு வரட்டும்.