அவசரப் பிரிவுக்கு எந்த மாதிரி விஷ கேஸ்கள் அதிகம் வரும்?

கேட்டவருக்கு வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதாம், அதனால் குழந்தைகளில் இருந்தே தொடங்குகிறேன். ஒரு மாவட்ட மருத்துவமனை கேஷுவாலிட்டியில் 11 வருடம் நர்ஸாக இருந்தேன்.

வயதைக் கேட்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும். ஒன்று முதல் மூன்று வயது என்றால் மண்ணெண்ணெய், பெயிண்ட் தின்னர், கற்பூரம், இல்லையென்றால் தாத்தாவின் சர்க்கரை மாத்திரை. கற்பூரத்தைக் கற்கண்டு என்று நினைத்து வாயில் போட்டு, வலிப்போடு வரும் பிள்ளைகள் உண்டு. சில வகைச் சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று போதும், சின்ன உடம்பில் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். குழந்தை நன்றாக விளையாடினாலும் ஒரு நாள் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவோம்.

ஒரு பையனை மறக்கவே முடியவில்லை. ஒன்றரை வயது. ரேஷன் மண்ணெண்ணெயைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி அடுப்படியில் வைத்திருக்கிறார்கள். அந்த நீல நிறம் அவன் சட்டையெல்லாம். குடித்தது ஒரு வாய்தான் இருக்கும். பதறிப்போன பாட்டி உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்துவிட்டார். வாந்தியில் மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டது. மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தது. நாலு நாள் ஆக்ஸிஜன் வைத்துத்தான் பிழைத்தான். தயவுசெய்து யாரையும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அந்த பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையோடு கொண்டு வாருங்கள்.

பெரியவர்களில் வயலுக்கு மருந்து அடித்துவிட்டு வருபவர்கள் தனி. வேர்த்துக் கொட்டும், வாயில் எச்சில் ஒழுகும், கண்பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கும். முதலில் துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுவோம். அப்புறம் அட்ரோபின் என்ற விஷமுறிவு ஊசி.

மற்றபடி, தானாக விஷம் எடுத்து வருபவர்கள். பெரும்பாலும் சாயங்காலத்துக்கு மேல், வீட்டில் ஏதோ சண்டை நடந்த சூட்டில். பிழைத்தவர்களில் பலர் மறுநாள் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பத்து நிமிடம் கடந்திருந்தால் செய்திருக்கவே மாட்டேன் என்று அழுதிருக்கிறார்கள். இலங்கையில் 1995-இல் மிகக் கொடிய பூச்சிமருந்துகளையும் 1998-இல் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தையும் தடை செய்தார்கள். 2005-க்குள் அங்கே தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியானது. விஷம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இருப்பதே எத்தனையோ உயிரைக் காப்பாற்றுகிறது என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான். வீட்டில் யாராவது மனம் உடைந்து இருந்தால் தனியாக விடாதீர்கள். மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிட்டால் எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள்.