சாவ் பிரயா ஆற்றங்கரைக் கோயில்கள்: இரண்டு நாளில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

அம்மாவை அழைத்துக்கொண்டு பாங்காக் போகிறேன், இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது, சாவ் பிரயா ஆற்றோரம் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் நாளே அயுத்தயாவுக்குப் போய்விடுங்கள். பெரும்பாலோர் பாங்காக்கை முடித்துவிட்டு, நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். நான் மூன்று ஆண்டுகள் பாங்காக்கில் வேலை பார்த்தேன். ஊரிலிருந்து வந்த உறவினர்கள் எல்லாரையும் ஆற்றின் மேலிருந்து கீழாகத்தான் கூட்டிப்போனேன். பாங்காக் ஆற்றங்கரையில் இன்று நிற்பவற்றில் பலவும், மேலே அயுத்தயாவில் எரிந்துபோன ஒரு நகரத்தை மனத்தில் வைத்துக் கட்டியவை. மூலத்தைப் பார்க்காமல் நகலை மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும்.

அயுத்தயா என்ற பெயர் நம் அயோத்திதான். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த தலைநகரம். மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவு. 1767இல் பர்மியப் படை அதைக் கொளுத்திவிட்டது. ரயிலில் போனால், நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்து, சிறு படகில் ஆற்றைக் கடந்து தீவுக்குள் நுழையலாம். அப்படியே நுழையுங்கள்.

அங்கே தவறவிடக் கூடாதது வாட் பனான் சோயெங். நகரத்தைவிட மூத்த கோயில் அது. 1324இல் அமைத்த, 19 மீட்டர் உயரமுள்ள அமர்ந்த புத்தர். மண்டபம் சிலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல இறுக்கமாக இருக்கும். அண்ணாந்து பார்த்தால்தான் முகம் தெரியும். பக்தர்கள் காவித்துணி வாங்கிக் கொடுக்கிறார்கள். சிலையின் மடியில் நிற்கும் கோயில் ஆட்கள் அதைப் பிடித்து புத்தரின் தோளில் போர்த்துகிறார்கள். பிறகு நீண்ட துணியைக் கீழே விரித்துவிட, உட்கார்ந்திருப்பவர்கள் தலைக்கு மேல் அது பந்தல்போல இறங்குகிறது. என் அம்மா அந்தத் துணிக்கு அடியில் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு தாய்லாந்துப் பாட்டி, தோளோடு தோள் ஒட்டி. இருவர் முகத்திலும் ஒரே காவி வெளிச்சம். நகரம் விழுந்த நாளில் இந்தப் புத்தரின் கண்களில் நீர் வழிந்தது என்பது அவ்வூர் நம்பிக்கை.

மாலையில் மேற்குக் கரையில் இருக்கும் வாட் சாய்வத்தனராம். 1630இல் பிரசாத் தோங் மன்னர் கட்டியது. கம்போடியாவின் கெமர் பாணிக் கோபுரங்கள். சுற்றிலும் தலையில்லாத புத்தர் சிலைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வெயில் தாழ்ந்த பிறகு, முடிந்தால் படகிலிருந்து பாருங்கள்.

இரண்டாம் நாள் பாங்காக். நகரம் எரிந்தபின், தாக்சின் மன்னர் ஆற்றோடு இறங்கிவந்து, மேற்குக் கரையில் தோன்புரியைத் தலைநகராக்கினார். பிழைத்தவர்களும் தத்தம் சாமியோடு பின்னால் வந்து சேர்ந்தார்கள். அதனால்தான் கோயில்களை நான் அந்தக் கரையிலிருந்தே தொடங்கச் சொல்கிறேன். அதற்குமுன், காலையில் கிழக்குக் கரையில் இருக்கும் பாக் க்ளோங் பூச்சந்தைக்குப் போங்கள். அங்கே மலைபோல் குவிந்திருக்கும் செவ்வந்தியைப் பார்த்தால் உங்கள் அம்மா லேசில் நகரமாட்டார். அருகிலிருக்கும் படகுத்துறையிலிருந்து எதிர்க்கரைக்குப் போனால் வாட் கல்யாணமித். கல்யாண மித்திரர், நல்ல நண்பர் என்ற நம் சொல்லேதான். 1825இல் எழுந்த கோயில். உள்ளே 15 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள புத்தர். பார்த்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும்: நேற்று அயுத்தயாவில் பார்த்த அதே உருவம், அதே மண்டப இறுக்கம். இரண்டு சிலைகளையும் அங்குள்ள சீனர்கள், பழைய சீனக் கடலோடி செங் ஹேயின் நினைவில் சாம் போ கோங் என்ற ஒரே பெயரால்தான் வணங்குகிறார்கள்.

அங்கிருந்து ஆற்றோர நடைபாதையில் மெதுவாக நடந்தால், முதலில் சீனர்களின் குவான் யின் கோயில், அடுத்து சாண்டா குரூஸ் தேவாலயம். தாக்சினுக்குத் துணைநின்ற போர்த்துகீசியருக்கு 1769இல் கொடுத்த நிலம். இப்போதிருக்கும் குவிமாடக் கட்டடம் 1916இல் கட்டியது. பாங்காக் யாய் கால்வாய்க் கரையில் பாங் லுவாங் பள்ளிவாசல் இருக்கிறது. சுவர் வெள்ளை, முகப்பு அச்சு அசலாகத் தாய்லாந்துக் கோயிலின் முகப்பு. ஒரு முற்பகலில் கால்நடையாகவே நான்கு வழிபாடுகளைப் பார்த்துவிடலாம். குதி சின் என்ற அந்தக் குடியிருப்பை நான் சாவ் பிரயாவின் இதயம் என்றே சொல்வேன். தேவாலயத்தின் பின்சந்துகளில் இன்னும் சில வீடுகளில் போர்த்துகீசியக் கேக் சுடுகிறார்கள். மாவு, முட்டை, சர்க்கரை, மேலே உலர்திராட்சை, அவ்வளவுதான். அடுப்பின் அடியிலும் தணல், மூடிமேலும் தணல். சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள்.

கிழக்குக் கரையில் இருக்கும் மன்னர்களின் பெரிய அரண்மனைக்கு மட்டும் அரை நாள் போய்விடும். வெயிலும் கூட்டமும் உங்கள் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் தயங்காமல் விட்டுவிடுங்கள். வாட் போவில் 46 மீட்டர் நீளச் சயன புத்தரைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். பாதங்களில் முத்துச்சிப்பியால் இழைத்த 108 மங்கலக் குறிகளை மட்டும் நின்று பாருங்கள்.

ஒரு சேதி. அயுத்தயா அரசவையின் பிராமணச் சடங்குகளும் இப்படித்தான் பாங்காக்குக்கு வந்தன. ஆற்றிலிருந்து சற்று உள்ளே, 'பெரிய ஊஞ்சல்' என்ற நினைவுச்சின்னத்துக்கு அருகே, 1784இல் எழுந்த பிராமணக் கோயிலான தேவஸ்தானம் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் நடக்கும் விழாவின் பெயர் திரியம்பாவாய் திரிபாவாய். நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். ஓசை திரிந்திருக்கிறது, பொருள் மறந்திருக்கிறது, ஓதுவது மட்டும் நிற்கவில்லை. இதை முதன்முதலில் அறிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

போக்குவரத்துக்கு ஆரஞ்சுக் கொடி கட்டிய படகே போதும். விலை கூடிய சுற்றுலாப் படகு வேண்டாம். நடத்துநர் நீளமான தகரக் குழாயைக் கலகலவென்று குலுக்கியபடி வருவார், அதிலேயே சில்லறையும் டிக்கெட்டும் இருக்கும். பின்பக்கம் நிற்பவர் ஊதும் விசிலைக் கேட்டே ஓட்டுநர் படகைத் துறையில் அணைப்பார். அம்மா ஏறும்போதும் இறங்கும்போதும் கையை விடாதீர்கள்.

வாட் அருணைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அருணன் பெயரில் இருக்கும் விடியல் கோயில். தாய்லாந்து மக்கள் மிகப் புனிதமாகப் போற்றும் மரகத புத்தர் சிலை, தாக்சின் காலத்தில் இங்கேதான் இருந்தது. கோபுரத்தை மூன்றாம் ராமா மன்னர் காலத்தில் இன்றைய உயரத்துக்கு எழுப்பினார்கள். தூரத்தில் சாம்பல் வெள்ளையாகத் தெரிவது, கிட்டே போனால் பூவாக மாறும். ஒவ்வொரு பூவும் உடைந்த சீனப் பீங்கான். தட்டின் விளிம்பை வெட்டிய துண்டுகள் இதழ்கள், சிறு கிண்ணம் நடுவட்டம். என் அம்மா அதன்முன் வெகுநேரம் நின்றுவிட்டு, "உடைந்ததை எல்லாம் பொறுக்கி எடுத்தல்லவா கோயில் கட்டியிருக்கிறார்கள்" என்றார். மேலே போகும் படிகள் மிகவும் செங்குத்து. உங்கள் அம்மாவை அதில் ஏற்ற வேண்டாம். பூக்கள் கீழ்த்தளத்திலேயே கண்ணுக்கு நேராக இருக்கின்றன.