ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் ஒரே நாளில் இறந்தார்களா?

தேதி ஒன்று, நாள் வேறு. ஆங்கில நாடக ஆசிரியர் ஷேக்ஸ்பியர், 'டான் கிஹோத்தே' நாவலை எழுதிய ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிஸ் இருவருமே இறந்தது 1616 ஏப்ரல் 23 என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் ஸ்பெயின் 1582-லேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் காலண்டருக்கு மாறிவிட்டது. அக்டோபர் 4-ஆம் தேதி படுத்தவர்கள் 15-ஆம் தேதி எழுந்தார்கள்! போப் கொண்டுவந்த காலண்டர் எங்களுக்கு எதற்கு என்று இங்கிலாந்து பழைய ஜூலியன் காலண்டரிலேயே இருந்தது. அதனால் அப்போது இரண்டு நாடுகளுக்கும் 10 நாள் வித்தியாசம். ஷேக்ஸ்பியர் இறந்த அன்று ஸ்பெயினில் மே 3.

சரி, செர்வாண்டிசாவது 23-ஆம் தேதி இறந்தாரா? அதுவும் சந்தேகம்தான். அவர் 22-ஆம் தேதி இறந்தார், 23 என்பது அடக்கம் செய்த நாள் என்றே இன்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஷேக்ஸ்பியர் விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயத்தில் உள்ள அவரது நினைவுச் சின்னத்தில் ஏப்ரல் 23 என்று பொறித்திருக்கிறது; அங்குள்ள பதிவேட்டில் அடக்கம் ஏப்ரல் 25.

இவ்வளவு ஓட்டை இருந்தும் இந்தப் பொருத்தம் யுனெஸ்கோவுக்குப் பிடித்துப்போனது. 1995-இல் ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக தினமாக அறிவித்தார்கள். காலண்டர் கதைக்கு வந்தால், இங்கிலாந்து ஒருவழியாக 1752-இல் கிரிகோரியனுக்கு மாறியது. அதற்குள் வித்தியாசம் 11 நாளாகியிருந்தது. செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14.