தலைநகரவாசியின் வாக்கு

அன்புள்ள அய்யா,

அமெரிக்காவில் எல்லா வாக்குக்கும் ஒரே எடை இல்லை என்று சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். உள்நாட்டுப் போரின் நடுவே, 1864-இல்கூடத் தேர்தலைத் தள்ளிப்போடாத நாடு அது. அங்கேயே ஜனநாயகம் அரைகுறை என்றால் வேறு எங்கே தேடுவது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

1864 தேர்தலில் தோற்றுவிடுவோம் என்று லிங்கனே அஞ்சினார். அப்படியும் நடத்தினார். அதை நானும் வணங்குகிறேன். இன்றும் அந்த நாட்டில் ஷெரீப் எனும் வட்டாரக் காவல் தலைவர் முதல் பள்ளி வாரிய உறுப்பினர் வரை மக்கள் வாக்களித்துத்தான் அமர்த்துகிறார்கள். கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்திலிருந்து நீக்கலாமா என்று 2022-இல் கான்சஸ் மக்களிடமே கேட்டார்கள். பழமைவாத மாநிலமான அங்கே ஏறத்தாழ 59 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். ஊர் அளவிலும் மாநில அளவிலும் மக்களுக்கு முடிவெடுக்க இவ்வளவு உரிமை தரும் நாடுகள் குறைவு.

என் மனக்குறை மேலே இருக்கும் அமைப்பைப் பற்றியது. 2020 கணக்கெடுப்பில் கலிஃபோர்னியாவின் மக்கள்தொகை சுமார் 3 கோடியே 95 லட்சம். வயோமிங்கில் 5 லட்சத்து 77 ஆயிரம். நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் இரண்டுக்கும் இரண்டிரண்டு இடங்கள்தான். ஆயுள் முழுதும் பதவியில் இருக்கப்போகும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஒப்புதல் தருவது இந்த அவை. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை பேர் என்பதிலும் இந்தச் செனட் இடங்கள் கணக்கில் சேர்கின்றன. பெரும்பாலான மாநிலங்களில் வாக்குகளில் முந்தியவருக்கே அந்த மாநிலத்தின் அத்தனை தேர்வாளர்களும். அதனால்தான் 2000-இல் அல் கோர் 5 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளும், 2016-இல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளும் கூடுதலாகப் பெற்றும் தோற்றார்கள்.

திருத்திக்கொள்ளலாமே என்பீர்கள். 1969-இல் கீழவையான பிரதிநிதிகள் சபை 338 வாக்குகளுடன் தேர்வாளர் குழுவை ஒழிக்கத் தீர்மானித்தது. அடுத்த ஆண்டு செனட்டில் அது முடங்கிப்போனது. செனட்டையே மாற்றுவது இன்னும் கடினம்: ஒரு மாநிலத்தின் சம்மதமில்லாமல் அதன் சம இடத்தைப் பறிக்கக்கூடாது என்று அரசியல் சட்டமே பூட்டு போட்டிருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது எந்த மாநிலத்திலும் சேராத தலைநகர் வாஷிங்டன். அதே 2020 கணக்கெடுப்பில் வயோமிங்கைவிட அதிகமாக, சுமார் 6 லட்சத்து 90 ஆயிரம் பேர் அங்கே வாழ்ந்தார்கள். மத்திய வரி கட்டுகிறார்கள், ராணுவத்தில் சேர்ந்து உயிரையும் கொடுக்கிறார்கள். செனட்டில் அவர்களுக்கு ஒருவர்கூட இல்லை. பிரதிநிதிகள் சபையில் இருக்கும் ஒருவருக்கும் சட்டங்களை நிறைவேற்றும்போது வாக்கில்லை. அதிபர் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையே 1961-இல்தான் வந்தது. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரியா என்று பிரிட்டனை எதிர்த்து எழுந்த நாடு இது! அந்தப் பழைய முழக்கத்தையே 2000 முதல் அந்நகரத்துக் கார்களின் நம்பர் பிளேட்டில் அச்சிடுகிறார்கள். பில் கிளின்டன் தம் அதிபர் காரில் அதைப் பொருத்தினார், புஷ் கழற்றினார், 2013-இல் ஒபாமா மீண்டும் பொருத்தினார். செனட் இடம் இன்னும் வரவில்லை.