எல்லாம் இலவசம், அப்புறமும் ஏன் வருவதில்லை? ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்

கேள்வி: அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்குக் காசே வாங்குவதில்லை. பிறகு செக்கப்புக்கு வர என்ன தடை அம்மா?

பதில்: டாக்டர் காசு வாங்குவதில்லை, சரி. எல்லா பஸ்ஸும் இலவசமா என்ன! நான் வேலை பார்த்த மலைப்பக்கத்தில் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். பத்து நிமிட செக்கப்புக்கு ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வரும் மாமியாரின் கூலியும் போகும். அங்கே போனால், "லேப் ஆள் லீவு, நாளைக்கு வா" என்பார்கள். மூன்றாவது தடவை யார் வருவார்கள்? இதற்கு "விழிப்புணர்வு இல்லை" என்று பெயர் வைத்துவிடுகிறோம். எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது.

கேள்வி: ஒரு ஸ்கேன் எடுத்தால் போதாதா?

பதில்: போதாது. ஸ்கேன் உங்கள் பிரஷரைக் காட்டாது. இந்தியாவில் குறைந்தது 4 தடவை செக்கப் என்பது கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அதை 8 ஆக்கியது.

கேள்வி: மூணு மாசம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாது என்கிறார் மாமியார்.

பதில்: ஊருக்குச் சொல்லாதீர்கள், நர்ஸிடம் சொல்லுங்கள். தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய்க்கு 12 வாரத்துக்குள் பதிய வேண்டும் என்று மாமியார் காதில் போடுங்கள். திருஷ்டி பயம் கொஞ்சம் தளரும்!

கேள்வி: எனக்கு இது மூன்றாவது. பணம் கிடைக்காதாமே?

பதில்: ஆமாம், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். வயதும் 19 ஆகியிருக்க வேண்டும். கவனம் அதிகம் தேவைப்படும் சின்னப் பெண்கள்தான் இதில் விடுபடுகிறார்கள். 18-க்குக் கீழே என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்த பயத்தில் ஏழு மாதம் வரை ஒளித்து வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ரத்தம் எவ்வளவு என்று யாரும் பார்க்காமலே நாள் ஓடிவிடுகிறது. நீங்கள் பணத்தை நினைத்து நிற்காதீர்கள். பரிசோதனையும் மருந்தும் எத்தனையாவது பிரசவத்துக்கும் உண்டு.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குழந்தை பெருத்து ஆபரேஷன் ஆகிவிடுமாமே?

பதில்: ஆகாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போடுங்கள். டீ, காபியோடு மட்டும் வேண்டாம். ஒரு வீட்டில் கூரையில் செருகியிருந்த ஒன்பது அட்டை மாத்திரைகளை நானே எடுத்திருக்கிறேன். கொடுக்கும்போதே இதையெல்லாம் சொல்லாதது எங்கள் தப்புதான்.

கேள்வி: எங்கள் செங்கல் சூளையில் ஒடிசாவிலிருந்து வந்த கர்ப்பிணி ஒருவர் இருக்கிறார். சொந்த ஊரில் கொடுத்த கர்ப்பிணி அட்டை கையில் இல்லை.

பதில்: அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம். வருகிற 9-ஆம் தேதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். மாதாமாதம் அன்றைக்குக் கர்ப்பிணிகளுக்கென்றே டாக்டர் பார்ப்பார். அந்தப் பெண்ணின் மொழி தெரிந்த ஒருவரும் கூடப் போகட்டும். அன்றைய கூலியைப் பிடிக்கக்கூடாது என்று மேஸ்திரியிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்.